தயிர் ஐஸும் பழ ஐஸும்: சிறு முதலீட்டில் ஒரு வீட்டுத் தொழில்

எமது சிறு பராயத்தில் ஐஸ்பழக்காரரின் மணிச் சத்தம் கேட்டால் போதும், ஒழுங்கையில் உள்ள அத்தனை பிள்ளைகளும் ஓடி வந்து விடுவோம். அந்த ஐஸ்பழத்தில் இருந்ததெல்லாம் தண்ணீரும் இனிப்பும் சாயமும்தான். சாப்பிட்டு முடிந்ததும் யாருடைய நாக்கு அதிகம் சிவந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக் கொள்வோம்.

இன்றைய பெற்றோர் அப்படியல்லர். பக்கற்றைத் திருப்பி, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று வாசித்த பின்னரே பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். சாயமில்லாத, உண்மையான பழத்தில் செய்த, ஹலாலான ஒரு குளிர்ப் பண்டம் கிடைத்தால் இரண்டு காசு கூடக் கொடுக்கவும் பலர் தயாராக இருக்கிறார்கள். நல்ல எருமைத் தயிரும், மாம்பழம், வத்தகப்பழம், அன்னாசி, பப்பாசி என்று பருவத்துக்குப் பருவம் பழமும் எமது ஊர்களிலேயே கிடைக்கின்றன. வெயிலுக்கும் குறைவில்லை. ஆகவே வீட்டிலிருந்தே செய்யக் கூடிய ஒரு தொழிலாக இதை நான் பலருக்கும் சிபாரிசு செய்வதுண்டு.

ஆனால், செய்முறையை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது சரியல்ல. இந்தத் தொழிலில் நான் சிறிது காலம் இறங்கி, சிறிது சம்பாதித்து, சிறிது இழந்தவன். இழந்ததில் படித்ததுதான் அதிகம். செய்முறை, சுத்தம், கணக்கு, அமானிதம் ஆகிய நான்கையும் ஒன்றாகவே இங்கு எழுதுகிறேன்.

முதலில் குளிரை விளங்கிக் கொள்வோம்

ஐஸ் வியாபாரத்தின் முதலாவது மூலப்பொருள் பழமுமல்ல, தயிருமல்ல. குளிர்தான்.

தண்ணீர் மெதுவாக உறைந்தால் பெரிய பளிங்குகள் உருவாகும். கடிக்கும்போது நறநறவென்றிருக்கும். விரைவாக உறைந்தால் பளிங்குகள் சிறிதாகி, நாக்கில் மென்மையாகக் கரையும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு விரைவாக உறைய வைப்பதற்கும் போதாது, நாட்கணக்கில் வைத்து விற்பதற்கும் போதாது. விற்பனைக்குச் செய்வதானால், பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் வரை இறங்கக் கூடிய பிறீசர் ஒன்று வேண்டும். உள்ளே ஒரு வெப்பமானி கட்டாயம் இருக்க வேண்டும். வட்டிக்குக் கடன் எடுத்துப் புதியது வாங்குவதை விட, கைக்காசுக்குப் பழையது ஒன்றை வாங்கித் தொடங்குவது எமக்குப் பொருத்தமானது. பழையதை வாங்கும்போது, ஒரு காகித நோட்டை மூடியின் இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக உருவிக் கொண்டு வந்தால் றப்பர் பழுது என்று அர்த்தம். அந்தப் பிறீசர் மின்சாரக் கட்டணத்தில் உங்களை அழ வைக்கும்.

பிறீசர் இல்லாமல் சிறு அளவில் பரீட்சித்துப் பார்க்கவும் வழி உண்டு. 3 கிலோ நொறுக்கிய ஐஸ் கட்டிக்கு 1 கிலோ உப்பு என்ற அளவில் கலந்தால், அந்தக் கலவை ஏறத்தாழ பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை வரை குளிரும். அதற்குள் அச்சுக்களை நிறுத்தி வைத்தால் நன்றாக உறைந்து விடும். உப்புத் தண்ணீர் மட்டும் அச்சுக்குள் போய்விடக் கூடாது.

இரண்டாவது விடயம் சீனி. சீனி இனிப்புக்கு மட்டுமல்ல, மென்மைக்கும் காரணம். கலவையின் மொத்த நிறையில் பழத்தின் இயற்கை இனிப்பும் நாம் போடும் சீனியும் சேர்ந்து 14 முதல் 18 சதவீதம் வரை இருந்தால் ஐஸ்பழம் கடிப்பதற்கு இதமாக இருக்கும். 10 சதவீதத்துக்குக் குறைந்தால் கல்லாகும். 25 சதவீதத்தைத் தாண்டினால் சரியாக உறையாது, கையில் எடுத்ததும் ஒழுகும். குளிரில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். கலவையைச் சுவைத்துப் பார்க்கும்போது ‘கொஞ்சம் இனிப்புக் கூடி விட்டதோ’ என்று தோன்றினால் உறைந்த பின் அளவாக இருக்கும்.

நான்கு செய்முறைகள்

1. மாம்பழத் தயிர் ஐஸ். நல்ல எருமைத் தயிர் 1 கிலோவைச் சுத்தமான மெல்லிய துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் 3 மணித்தியாலம் வடிய விடுங்கள். ஏறத்தாழ 700 கிராம் கெட்டித் தயிர் மிஞ்சும். வடிந்த தண்ணீரை வீச வேண்டாம், ரொட்டிக்கு மா குழைக்கலாம். கெட்டித் தயிருடன் 400 கிராம் மாம்பழச் சதை, 120 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாக அடித்து அச்சில் ஊற்றுங்கள். 60 மில்லிலீற்றர் அளவான 20 ஐஸ்பழம் வரை எடுக்கலாம். பசுப்பாலை விட எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். அதனால்தான் எருமைத் தயிரில் செய்யும் ஐஸ் கூடுதல் மென்மையாக அமைகிறது.

இதே கலவையைக் கோப்பையில் போட்டு விற்பதானால், பிறீசரில் வைத்த பின் 40 நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, ஓரத்தில் உறைந்ததை நன்றாகக் கிளறி விட்டு மீண்டும் வையுங்கள். நான்கு தடவை செய்தால் போதும்.

2. பேரீச்சம்பழத் தயிர் ஐஸ். நோன்பு காலத்துக்கு மிகவும் பொருத்தமானது. விதை நீக்கிய 150 கிராம் பேரீச்சம்பழத்தை 100 மில்லிலீற்றர் கொதிநீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீருடனேயே அரைத்து ஆற விடுங்கள். 700 கிராம் கெட்டித் தயிருடன் அடித்து, சிறிது ஏலக்காய்த் தூள் சேர்த்தால் போதும். தனியாகச் சீனி தேவையில்லை.

3. வத்தகப்பழ ஐஸ். விதை நீக்கி அடித்த சதை 1 கிலோ, சீனி 80 கிராம், தேசிக்காய்ச் சாறு இரண்டு மேசைக்கரண்டி. விரும்பினால் சில புதினா இலைகள். வத்தகப்பழத்தில் இயற்கை இனிப்புக் குறைவு, தண்ணீர் அதிகம். சீனியை முற்றாக விட்டால் கல்லுப் போல் உறையும்.

4. அன்னாசி ஐஸ். தோல் நீக்கி அரைத்த அன்னாசி 1 கிலோவை, 250 மில்லிலீற்றர் தண்ணீருடனும் 80 கிராம் சீனியுடனும் 10 நிமிடம் அடுப்பில் கொதிக்க விட்டு, ஆறியதும் அச்சில் ஊற்றுங்கள்.

அன்னாசியை ஏன் கொதிக்க வைக்க வேண்டும்? பழ ஐஸாக மட்டும் செய்வதானால் சுத்தத்துக்காக. தயிருடன் சேர்ப்பதானால் கட்டாயத்துக்காக. பச்சை அன்னாசியிலும் பப்பாசியிலும் புரதத்தை உடைக்கும் நொதியங்கள் உண்டு. அவை தயிரை நீர்த்துப் போகச் செய்து கசப்பாக்கி விடும். இது தெரியாமல் நான் முதன்முதலாகச் செய்த அன்னாசித் தயிர்க் கோப்பைகள் இருபதும் வேப்பம்பட்டையாகக் கசந்தன. ஐந்து நிமிடம் நன்றாகக் கொதித்தாலே நொதியம் செயலிழந்து விடும். அந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை இருபது கோப்பை. உங்களுக்கு இலவசம்.

அச்சை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். அரை சென்டிமீற்றர் இடைவெளி விடுங்கள். உறைந்ததை அச்சிலிருந்து கழற்ற, பத்து விநாடி தண்ணீரில் அமிழ்த்தினால் போதும். அந்தத் தண்ணீரும் கொதித்தாறியதாக இருக்க வேண்டும். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. உள்ளே உள்ளதெல்லாம் சுத்தமாக இருந்து, கடைசியில் கழற்றும் வாளித் தண்ணீரால் அசுத்தப்பட்ட பண்டங்கள் எத்தனையோ.

உறைந்தால் கிருமி சாகும் என்ற தப்பான எண்ணம்

வியாபாரிகள் பலரிடம் உள்ள மிக ஆபத்தான எண்ணம் இது. குளிர் பெரும்பாலான கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. வெப்பம் ஏறியதும் அவை எழும்பி விடும். தயிரிலுள்ள நல்ல நுண்ணுயிர்களில் பெரும் பகுதி உறைந்த பின்னும் உயிரோடிருப்பது எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால்தான் கெட்டவையும் உயிரோடிருக்கின்றன. சாதாரணமாகச் சமையலில் கடைசியாக நெருப்பு இருக்கும். அது எமது தவறுகளில் பாதியை மறைத்து விடும். ஐஸ்பழத்துக்கு அந்த மன்னிப்புக் கிடையாது. ஆகவே தண்ணீர் கொதித்தாறியதாக இருக்க வேண்டும். பால் சேர்ப்பதானால் காய்ச்சிய பாலாக இருக்க வேண்டும். பழத்தைத் தோலுடன் கழுவி, பிறகே வெட்ட வேண்டும். அச்சு, கரண்டி, துணி எல்லாம் கொதிநீர் கண்டதாக இருக்க வேண்டும். கையில் புண்ணோ, வயிற்றோட்டமோ உள்ளவர் அன்று குசினிப் பக்கம் வரக் கூடாது.

தயிரை நீங்களே உறைய வைப்பதானால், பாலை 85 பாகையில் அரை மணித்தியாலம் வைத்து, 43 பாகைக்கு ஆற விட்டு உறை ஊற்றுங்கள். வெளியில் வாங்குவதானால், யாரிடம் வாங்குகிறீர்கள், அவர் பாலை எப்படிக் காய்ச்சுகிறார் என்பதை ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகுகின்றன. கலந்து வைத்த தயிர்க் கலவை அந்த இடைவெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. ஆகவே பிறீசர் கொள்ளும் அளவுக்கே கலவுங்கள்.

ஹலால் விடயத்தில் மூன்று எச்சரிக்கை

பழம், தயிர், சீனி மூன்றும் ஹலால்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கெடுப்பது சிறு சேர்க்கைகள்தாம்.

முதலாவது, கெட்டியாக்குவதற்குச் சிலர் ஜெலட்டின் சேர்ப்பர். அது மிருகத்தின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது. எந்த மிருகம், எப்படி அறுக்கப்பட்டது என்பது தெரியாமல் பாவிக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி கோன் பிளவர் மாவை 100 மில்லிலீற்றர் பாலில் காய்ச்சி, ஆற விட்டுச் சேர்த்தால் ஐஸ் மென்மையாக வரும். இரண்டாவது, ஐஸ்கிறீமுக்கென்று கடைகளில் விற்கும் தூள்களில் 471 என்ற இலக்கமுள்ள சேர்க்கை இருக்கலாம். அது தாவரக் கொழுப்பிலும் செய்யப்படுகிறது, மிருகக் கொழுப்பிலும் செய்யப்படுகிறது. ஹலால் சான்றிதழ் உள்ளதையே வாங்குங்கள். 120 என்ற இலக்கமுள்ள சிவப்புச் சாயம் ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. மூன்றாவது, வனிலா எசன்ஸ் சிலவற்றில் மதுசாரம் கரைப்பானாக உள்ளது. எமக்கு ஏலக்காயும் பன்னீரும் இருக்க, அது எதற்கு?

சான்றிதழ் பெறாமல் பக்கற்றில் ஹலால் இலச்சினையை அச்சிடுவதும் தவறு. எமது நாட்டில் 2014 முதல் அந்தச் சான்றிதழை வழங்கி வருவது ஹலால் அங்கீகாரப் பேரவை. சிறு அளவில் செய்பவர், சேர்த்த பொருட்களை ஒன்று விடாமல் எழுதி விட்டாலே வாங்குபவர் தீர்மானித்துக் கொள்வார்.

‘ஆரோக்கியமானது’ என்ற சொல்லும் ஓர் அமானிதம்

பேரீச்சம்பழத் தயிர் ஐஸில் நாம் சீனி போடவில்லை என்பது உண்மை. ஆனால் பேரீச்சம்பழத்தின் நிறையில் பாதிக்கு மேல் இயற்கைச் சீனிதான். கித்துள் பாணியும் தேனும் அப்படியே. ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்று எழுதலாம். ‘நீரிழிவு நோயாளரும் உண்ணலாம்’ என்று எழுதக் கூடாது. அந்த ஒரு வரியை நம்பி ஒரு வயோதிபர் நாளுக்கு மூன்று சாப்பிட்டால் பொறுப்பாளி யார்? அதே போல் தேன் சேர்த்த எதையும் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் பக்கற்றில் எழுதி விடுங்கள். ‘சாயம் சேர்க்கவில்லை, பழத்தின் அளவு இவ்வளவு, சீனியின் அளவு இவ்வளவு’ என்று உள்ளதைச் சொன்னாலே போதும். அதுவே நல்ல விளம்பரம்.

கணக்கைச் சரியாகப் போடுவோம்

எமது வீட்டுத் தொழில்கள் படுத்து விடுவதற்குப் பெரும்பாலும் காரணம் சுவையல்ல, கணக்கு. விளங்குவதற்காக ஓர் உதாரணம் தருகிறேன். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் விலைகளை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு தடவையில் 40 ஐஸ்பழம் செய்கிறீர்கள். தயிரும் பழமும் சீனியும் 1,600 ரூபாய். குச்சியும் உறையும் 200. எரிவாயுவும் மின்சாரமும் 150. கடைகளுக்குக் கொண்டு போகும் செலவு 250. மொத்தம் 2,200. நாற்பதால் பிரித்தால் ஒன்றுக்கு 55 ரூபாய். கடையில் விற்பனை விலை 100. கடைக்காரருக்கு 20 போக உங்களுக்கு 80. ‘ஒன்றுக்கு 25 ரூபாய் இலாபம், மாஷா அல்லாஹ்’ என்று சந்தோஷப்படுகிறீர்கள்.

இனி விட்டுப் போனதைச் சேர்ப்போம். உங்கள் மனைவியும் நீங்களும் செலவழித்த 3 மணித்தியாலத்துக்குக் குறைந்தது 600 ரூபாயாவது கூலி போட வேண்டும். உடைந்தது, வளைந்தது, பிள்ளைகள் எடுத்தது என்று இரண்டு கழியும். இப்போது செலவு 2,800. விற்கக் கூடியது 38. வருமானம் 3,040. மிஞ்சுவது 240 ரூபாய். ஒன்றுக்கு 6 ரூபாய் சொச்சம். மாதம் 8 தடவை செய்தால் 1,920. 120,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பிறீசர் ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால், அதன் தேய்மானமே மாதம் 2,000 ரூபாய். அதாவது நீங்கள் கூலிக்கு வேலை செய்து, 80 ரூபாயைக் கையிலிருந்தும் போடுகிறீர்கள்.

இதைக் கண்டு பழத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவதுதான் பலர் செய்யும் முதல் வேலை. தொழில் சாகத் தொடங்குவதும் அன்றுதான். செய்ய வேண்டியது வேறு. ஒரு தடவையில் 80 செய்யுங்கள். பொருட்கள் 3,200, குச்சியும் உறையும் 400, எரிவாயுவும் மின்சாரமும் 250, கொண்டு போவது அதே 250. நேரம் இரட்டிப்பதில்லை, 4 மணித்தியாலத்துக்குக் கூலி 800. மொத்தம் 4,900. விற்கக் கூடியது 76, வருமானம் 6,080. மிஞ்சுவது 1,180. மாதம் 8 தடவைக்கு 9,440. தேய்மானம் போக 7,440. உங்கள் கூலி இதற்குப் புறம்பானது. பழம் மலிந்த பருவத்தில் வாங்கிச் சதையெடுத்து உறைய வைத்தால் இன்னும் மிஞ்சும். வீட்டு வாசலில் நேரடியாக விற்பதற்குக் கடைக்காரரின் 20 ரூபாயும் உங்களுக்கே.

இப்போது இந்தக் கட்டுரையை நான் எழுத நினைத்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

2022 பங்குனியில் நடந்தது

2022 மார்ச் மாதக் கடைசி யாருக்கும் மறந்திருக்காது. மின்வெட்டு நாளுக்குப் பத்து மணித்தியாலத்தைத் தாண்டிய நாட்கள் அவை. ஏப்ரல் முதல் வாரத்தில் நோன்பு. இப்தாருக்கென்று மூன்று கடைகளில் இருந்து முன்கூட்டியே ஓடர் எடுத்திருந்தேன். மாம்பழத் தயிரும் பேரீச்சம்பழத் தயிருமாக முந்நூறுக்குக் கிட்டச் செய்து பிறீசரை நிரப்பி விட்டேன். முதலில் பாதிக்கு மேல் ராத்தாவிடம் கைமாற்றாக வாங்கியது.

மூடியைத் திறக்காமல் விட்டால், நிரம்பிய பிறீசர் சுமார் 48 மணித்தியாலமும் பாதி நிரம்பியது சுமார் 24 மணித்தியாலமும் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. எமது வெயிலுக்கும் பழைய பிறீசருக்கும் அது அப்படியே பொருந்தாது. சீனி சேர்ந்த பண்டம் வெறும் ஐஸ் கட்டியை விட முந்தி இளகும் என்பது வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, பதற்றத்தில் நான் மணிக்கொரு தடவை மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். இருந்த குளிரையும் நானே வெளியே விட்டேன்.

இரண்டாம் நாள் இரவு மேல் வரிசைகள் கஞ்சி போல் இளகி இருந்தன. கீழே உள்ளவை தொட்டால் இறுக்கம். ஆனால் அவை இளகி மீண்டும் உறைந்தவையா, இளகவே இல்லையா என்பதை அறிய என்னிடம் எந்த வழியும் இருக்கவில்லை. அந்த நேரம் வந்திருந்த அனுபவமுள்ள வியாபாரி ஒருவர், என் மீது உண்மையான இரக்கத்தோடுதான், “தம்பி, கரண்ட் வந்ததும் அப்படியே திருப்பி உறைய விடுங்க. ஆருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

அவர் சொன்னது சரிதான். யாருக்கும் தெரிந்திருக்காது. ஐஸ்பழத்தின் தன்மையே அது. ஒரு தடவை உறைந்ததும் மூன்று தடவை உறைந்ததும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்தச் சம்பவம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஓர் உணவுக் குவியலைக் கடந்து செல்கையில், அதற்குள் கையை விட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்து விட்டது என்கிறார் விற்பவர். மக்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் எம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரிக்கிறார்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. மின்சாரம் நின்றது என் குற்றமுமல்ல. ஈரத்தை உள்ளே மறைப்பதா, மேலே வைப்பதா என்பது மட்டுமே எம் கையில் இருக்கிறது.

அத்தனையையும் கொட்டினேன். மறுநாள் மூன்று கடைகளுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் அடுத்த வாரத்துக்குப் பொறுத்துக் கொண்டார்கள். மூன்றாமவர் வேறொருவரிடம் எடுக்கத் தொடங்கி, பிறகு என்னிடம் வரவே இல்லை. ராத்தாவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடிக்க எட்டு மாதம் சென்றது. உண்மை பேசியதற்கு உடனே இலாபம் வந்தது என்று எழுதினால் அது பொய்யாகி விடும்.

ஆனால் அந்த இரவு எனக்கு ஒரு விடயம் தெளிவானது. என்னைச் சோதித்தது பேராசையல்ல, கையில் வேறு காசு இல்லாமை. அன்று கொட்டுவதற்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கியிருந்தால் அந்தப் பேச்சு என் காதில் ஏறியிருக்காது. நேர்மையாக இருக்க நினைப்பவன் அதற்கான செலவையும் முன்கூட்டியே விலைக்குள் வைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிப்பவை இவை:

1. விற்கும் ஒவ்வொன்றிலும் 2 ரூபாயைத் தனித் தகரத்தில் போடுகிறேன். மேலே சொன்ன கணக்கில் மாதம் 608 விற்றால் 1,216 ரூபாய். மூன்று மாதத்தில் 3,648. எண்பது ஐஸ்பழத்தின் பொருட்செலவும் உறைச்செலவும் 3,600தான். ஒரு தடவை முழுவதையும் கொட்ட வேண்டி வந்தாலும் கடனாளியாக மாட்டேன்.

2. சிறு கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துப் பிறீசருக்குள் வைத்திருக்கிறேன். மின்சாரம் நின்று வந்த பின் நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. நடுவிலோ அடியிலோ போயிருந்தால் நான் உறங்கிய நேரத்தில் எல்லாம் இளகி உறைந்திருக்கிறது. கொட்ட வேண்டியதுதான்.

3. கடைகளுக்கும் அதே போன்ற ஒரு நாணயக் கோப்பை கொடுக்கிறேன். இரவில் பிறீசரை நிறுத்தி வைக்கும் கடைக்கு எனது பண்டத்தைக் கொடுப்பதில்லை.

4. மின்சாரம் நின்றால் மூடியைத் திறப்பதில்லை. வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி வைக்கிறேன். நிரம்பிய பிறீசர்தான் குளிரைப் பிடித்து வைக்கும்.

5. ஒரு வாரத்தில் விற்பதற்கு மேல் செய்து குவிப்பதில்லை. செய்த திகதி எழுதாத எதையும் பிறீசரில் வைப்பதில்லை.

சட்டப்படி செய்ய வேண்டியவை

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவருக்கும் பொருந்தும். தொடங்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். அவர் வந்து பிடிப்பார் என்று பயப்படுவதை விட, நாமே போய்க் கேட்பது நல்லது. குசினியில் என்ன மாற்றம் வேண்டும், யாருக்கு மருத்துவச் சான்று வேண்டும், உறையில் சீனியின் அளவுக்கு எந்த நிறக் குறியீடு இட வேண்டும் என்பதெல்லாம் அவரே சொல்வார். உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார அனுமதிப்பத்திரத்தையும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவையும் எடுத்துக் கொள்ளுங்கள். உறையில் பெயர், சேர்மானங்கள், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, உச்ச சில்லறை விலை, உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

கோப்பையில் விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு தடவை பாவித்து வீசும் பிளாஸ்டிக் கரண்டிகள், யோகட் கரண்டி உட்பட, 2023 ஒக்டோபரில் தடை செய்யப்பட்டன. மரக் கரண்டியின் செலவையும் கணக்கில் சேருங்கள்.

வருட முடிவில், கையிருப்பிலுள்ள சரக்கையும் காசையும் கணக்கிட்டு, நிஸாபை அடைந்திருந்தால் ஸகாத்தையும் மறக்க வேண்டாம்.

சகோதரர்களே, ஒரு பிள்ளை காசை நீட்டி ஐஸ்பழத்தை வாங்குகிறது. உறையைப் பிரிக்கிறது. உள்ளே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது, கேட்கவும் தெரியாது. அதன் உம்மா உறையில் உள்ள உங்கள் பெயரைத்தான் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் செலவையும் சேர்த்தே உங்கள் விலையைப் போடுங்கள். பரக்கத்தைத் தருபவன் அல்லாஹ். அவன் எமது தொழில்களை ஹலாலானவையாகவும் நிலையானவையாகவும் ஆக்கி வைப்பானாக.